சோதனை வாசல்

துரைசிங்கம் முப்பத்துமூன்று வருஷம் காவல்துறையில் இருந்து, சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தவரைத் தேடி ஒரு பொறுப்பு வந்தது. பக்கத்து ஊரில் புதிதாகத் திறக்கும் தேர்வு மையத்தை அவர் நடத்த வேண்டும். அதற்கு முன் மூன்று நாள் மெஹருன்னிசாவிடம் போய்ப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள்.

மெஹருன்னிசா, மலையடிவாரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணக்குப் பேராசிரியை. அங்கே நடக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கெல்லாம் அவர்தான் தலைமைக் கண்காணிப்பாளர். அவருடைய மையத்தின் மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை என்பார்கள். துரைசிங்கத்தைவிடப் பதினான்கு வயது இளையவர்.

'திருடனைப் பிடிக்கிறதுக்கு எனக்கு ஒரு டீச்சரம்மா பாடம் எடுக்கணுமா?' என்று நினைத்துக்கொண்டுதான் துரைசிங்கம் முதல் நாள் போனார்.

காலை ஏழரை மணி. தேர்வு எழுத வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. வாசலில் ராஜகனி என்ற காவலாளிப் பெண் சோதனைக் கருவியோடு நின்றாள். பக்கத்தில் ஆண்களைச் சோதிக்க ஒரு காவலாளி. மெஹருன்னிசா கைப்பையையும் செல்போனையும் மேசைமேல் வைத்தார். பிறகு கைகளை விரித்து ராஜகனி முன் நின்றார். ராஜகனி தலையிலிருந்து பாதம்வரை கருவியை ஓட்டினாள்.

மெஹருன்னிசா திரும்பினார். "நீங்க சார்."

"நானா? நான் போலீஸ்காரன் மேடம்."

"தெரியும் சார். கையை விரிங்க."

துரைசிங்கம் கையை விரித்தார். இடுப்பருகே கருவி அலறியது. காவலாளி மென்று விழுங்கினான்.

"பெல்ட்டைக் கழட்டணும் சார்..."

காது மடல் சுட, துரைசிங்கம் பெல்ட்டைக் கழற்றினார். உள்ளே போனதும் கேட்டார்.

"தினமும் இப்படியா மேடம்? உங்களை யாரு சந்தேகப்படப் போறா?"

"ராஜகனிக்குக் கை பழகணும் சார். என்னையே நிறுத்திப் பாக்குறவ, நாளைக்கு எந்தப் பெரிய இடத்துப் பிள்ளை வந்தாலும் நிறுத்துவா."

துரைசிங்கத்துக்கு அது பெரிதாகப் படவில்லை.

இரண்டாம் நாள் முந்நூற்றுப் பதின்மூன்று பேர் எழுத வேண்டிய தேர்வு. வாசலைத் தான் பார்த்துக்கொள்வதாகத் துரைசிங்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். வரிசை தெருமுனைவரை நீண்டது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு பெண்ணிடம் அவர் கண் நின்றது. முப்பது தாண்டியவள். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. இடது உள்ளங்கையில் தடியாக ஒரு கட்டு.

"ஏம்மா, இங்க வா. கையில என்ன?"

"காயம் சார். தேங்கா உரிக்கையில கம்பி ஏறிருச்சு."

"எப்போ?"

"முந்தாநேத்து."

"அவுத்துக் காட்டு."

"சார், ஒட்டியிருக்கு..."

"அவுத்துக் காட்டுன்னா காட்டு!"

அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் பஸ் நிலையமே அடங்கும். வரிசை அடங்கியது. பின்னாலிருந்து எவனோ, "பிட்டு மாட்டிக்கிச்சுடோய்" என்று சிரித்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துணியைப் பிரித்தாள். கடைசிச் சுற்று காயத்தோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் ரத்தம் வந்தது. துணியில் வேறு எதுவும் இல்லை. கையிலும் இல்லை.

சத்தம் கேட்டு மெஹருன்னிசா வந்தார். அந்தப் பெண்ணைத் தோளில் அணைத்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கல்லூரி நர்ஸ் வந்து மருந்து வைத்துப் புதுக் கட்டு போட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் பேச்சிக்கனி. அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதுதான் கடைசித் தேர்வு. சோதனைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். வலது கை நடுங்கி, பேனா கீழே விழுந்தது.

அறை வாசலில் நின்று துரைசிங்கம் அதைப் பார்த்தார்.

"மேடம், தப்பு என்னுது. அந்தப் பொண்ணுக்குப் பத்து நிமிஷம் கூடக் குடுத்திருங்க. என்ன கேள்வி வந்தாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

"குடுக்குறதுக்கு அது என் நேரமில்ல சார். மத்த முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்போ இனிமே கட்டோட வர்றவங்களைப் பாக்காம விட்டிரணுமா?"

"விடக் கூடாது. பிரிச்சுத்தான் பாக்கணும். பிரிச்சது தப்பில்ல, பிரிச்ச இடம்தான் தப்பு."

"இப்போ நான் என்ன செய்யணும்?"

"பிரிச்ச இடத்துக்குப் போங்க சார்."

துரைசிங்கத்துக்குப் புரிந்தது. மேலதிகாரிகளுக்கு ஆயிரம் சல்யூட் அடித்தவர்தான். ஆனால் ஒரு கூட்டத்துக்கு முன்னால் அவர் ஒருநாளும் தலை தாழ்ந்ததில்லை. மணியைப் பார்த்தார். ஒன்பது பன்னிரண்டு. வரிசை இன்னும் அங்கேயே நின்றது.

அவர் பேச்சிக்கனியை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அதே இடத்தில் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பொண்ணு கையில காயம் மட்டும்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. எல்லார் முன்னாடியும் வச்சுக் கத்தினது என் தப்பு." அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரும்மா."

வரிசையில் சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச்சிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பரவாயில்ல சார். ஆரம்பிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாப்பது நிமிஷத்துக்கு மேல இருக்கும்மா."

"போதும் சார்."

பத்தேகாலுக்குத் துரைசிங்கம் தேர்வு அறை ஜன்னலைக் கடந்தார். கட்டுப்போட்ட கையால் விடைத்தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வட்டம் வட்டமாகக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள் பேச்சிக்கனி. கை நடுங்கவில்லை. அவர் நிற்காமல் நடந்தார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிகளில் வைப்பதுபோல இரண்டு துணி மறைப்புகளை வாங்கிவந்து, வாசலுக்கு உள்பக்கம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று வைத்தார்.

மூன்றாம் நாள் துரைசிங்கம் பெல்ட் போடாமலே வந்தார். யாரும் சொல்வதற்கு முன் காவலாளியின் எதிரில் போய்க் கையை விரித்தார். அன்று ஆண்கள் எல்லாருக்கும் ஒரே சோதனை: பை, பாதம், சட்டைக் காலர். ஒருவர்கூட விடுபடக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லியிருந்தார். அவரும் பக்கத்திலேயே நின்றார்.

ஏறக்குறைய நூறு பேர் போனபிறகு ஒருவன் வந்தான். படிய வாரிய தலை, துவைத்துத் தேய்த்த சட்டை. "காலையிலேருந்து நிக்குறீங்களே அண்ணே, சாப்டீங்களா?" என்று காவலாளியிடம் கேட்டான். நேற்றாக இருந்தால் துரைசிங்கம் அவனைச் சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்பியிருப்பார். காவலாளியின் விரல் காலரில் நின்றது. உள்ளே பட்டாணி அளவு ஏதோ கெட்டியாக இருந்தது.

"தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றார் துரைசிங்கம், தாழ்ந்த குரலில்.

மறைப்புக்குப் பின்னால் இரண்டு பேராசிரியர்கள் சாட்சியாக நிற்க, காலரின் தையலைப் பிரித்தார்கள். வெளியிலிருந்து யாரோ சொல்லும் விடையைக் கேட்பதற்கான சின்னக் கருவி உள்ளே இருந்தது. அவன் அவர் காலில் விழுந்தான். துரைசிங்கத்தின் உள்ளங்கை பழைய பழக்கத்தில் தினவெடுத்தது. அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எந்திரிங்க தம்பி. உக்காருங்க."

அறிக்கை எழுதினார். கருவியை உறையிலிட்டு முத்திரை வைத்தார். காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார். வெளியே வரிசைக்கு எதுவும் தெரியாது. அடுத்து நின்றவர் தன் காலரைத் தானே விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மெஹருன்னிசா அறிக்கையை வாங்கி வாசித்தார்.

"நேரம் எழுதல சார்."

துரைசிங்கம் வாங்கி நேரத்தை எழுதிக்கொடுத்தார்.

மாலையில் விடைத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போய்விட்டது. மலைக்காற்று இறங்கியிருந்தது. இருவரும் காலியான வராந்தாவில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு துரைசிங்கத்துக்கு உடம்பும் மனசும் லேசாக இருந்தன.

"அந்தப் பய முகத்துல ஒண்ணுமே இல்ல மேடம். பேச்சிக்கனி முகத்துலதான் எல்லாம் இருந்துச்சு. முப்பத்திமூணு வருஷமா முகத்தைப் பாத்தே ஆளைப் பிடிச்சவன் நான்."

"அதுல எத்தனை பேரைச் சரியாப் பிடிச்சீங்க?"

துரைசிங்கம் கணக்குச் சொல்ல வாயெடுத்தார்.

"தெரியல மேடம்."

மெஹருன்னிசா தலையசைத்தார்.

துரைசிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணோட பதிவு எண் உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்கு சார்."

"ரிசல்ட் வரும்போது பாஸாயிருச்சான்னு பாப்பீங்களா?"

மெஹருன்னிசா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாக்க மாட்டேன் சார். வாசல்ல எல்லாரும் ஒண்ணுன்னா, ரிசல்ட்டுலயும் அப்படித்தான். பாக்காம இருக்கப் பழகுறதுக்குத்தான் எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு."