கடைசிக் கட்டத்தில் ஒரு பீட் குறைவு

சற்குணம் சாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்த ஷெர்லினுக்கு அவருடைய மகள் வயதுகூட இல்லை. எங்கள் கோயில் பாடகர் குழுவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. நானும்தான் சிரித்தேன்.

சார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போனதும், தான் கற்றுக்கொண்டு வாசிப்பதாக முன்வந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என்னிடமே சொன்னார். ஆனால் கமிட்டி கறாராக இருந்தது. இந்த ஞாயிறு சொதப்பினால் இனிமேல் பென் டிரைவில் பாட்டைப் போட்டுக்கொள்வதாக முடிவு.

சனிக்கிழமை ஒத்திகை. பாட்டின் தாளக்குறியில் மேலே மூன்று என்று இருந்தது. அதாவது கோட்டுக்குக் கோடு ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பீட். தாளில் உள்ளே வெள்ளையாக அச்சாகியிருக்கும் சுரக்குறிக்கு இரண்டு பீட், கறுப்புக்கு ஒன்று. சார் இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். வம்பே அதனால்தான் வந்தது.

முதல் சரணம் அருமையாகப் போனது. இரண்டாவதை நாங்கள் எடுத்துவிட்டோம், கீபோர்டில் சத்தத்தைக் காணோம். சார் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கட்டம் கழித்து அவர் வந்து சேர்ந்தபோது பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுபட்டது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஷெர்லின் நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன எண்ணினீர்கள் என்று கேட்டாள். சார் தாளைக் காட்டினார். முதல் கட்டத்தில் ஒரே ஒரு கறுப்பு. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வெள்ளை. அச்சில் விட்டுப்போனது என்று நினைத்து, குறைந்த இடத்திலெல்லாம் பென்சிலால், வாசிக்காமல் நிற்கச் சொல்லும் நிறுத்தக் குறி போட்டு நிரப்பியிருந்தார்.

“அளவு குறைஞ்சா நிரப்பணுமா இல்லையா, டீச்சர்?”

அவள் பாட்டின் இன்னொரு நகலை எடுத்தாள். வரி வரியாக வெட்டி, ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டி, நீளமான ஒரே வரியாக்கினாள். பிறகு அதை வளையமாக வளைத்து, கடைசிக் கட்டத்தை முதல் கட்டத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

“இப்ப எண்ணுங்க சார்.”

அவர் வெள்ளையில் விரலை வைத்தார். இரண்டு. விரல் கறுப்புக்கு நகர்ந்தது. மூன்று. யாரிடமாவது ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

ஞாயிறன்று நான்கு சரணமும் ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல் போயின. கமிட்டிச் செயலாளர் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

மற்றவர்கள் வெளியே போய், நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கும்போதும் சார் எழுந்திருக்கவில்லை. ஜெயித்த முகமாகவும் தெரியவில்லை. ஷெர்லினைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“சரணத்துக்குச் சரணம் கணக்கு சரியா இருக்கு. கடைசிச் சரணம் முடிஞ்ச பிறகு மறுபடி முதல் கட்டம் வர்றதில்லையே டீச்சர். அங்க ஒரு பீட் குறையுதே. அதை யார் தருவா?”

ஷெர்லின் கீபோர்டுக்கு உறையை மாட்டினாள்.

“அதை நாம ஆரம்பிக்கும்போதே வாங்கிட்டோமே, சார்.”