தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கூடு கட்டத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். நாரன் என்ற தூக்கணாங்குருவி. ஏரிக்கரை ஈச்சமரத்தில் அவனும் அவன் மனைவி தினையாளும் குடியிருந்தார்கள். யாருக்குக் கூடு வேண்டுமானாலும் அந்த மரத்தைத் தேடித்தான் வருவார்கள்.

ஆரம்பத்தில் நாரன் வேலை செய்த விதமே வேறு. கேட்டு வந்தவர் இருக்கும் இடத்துக்கே போய், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். எப்படி உட்காருகிறார், எப்படித் தூங்குகிறார், எழுந்ததும் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதையெல்லாம் கவனிப்பான். கொக்குக்கு நீளக் காலை மடக்க இடம் வேண்டுமென்று அகலமான பரண் போட்டுக் கொடுத்தான். கொண்டைக்குருவிக்குச் சின்னக் கிண்ணம் போதும் என்று கண்டுகொண்டான். குடிபோன பிறகும் ஒருமுறை எட்டிப் பார்த்து, "உள்ளே எதுவும் உறுத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

ஒரு வருடம் பாம்புத் தொல்லை பெருகியது. நாரன் பல நாள் யோசித்துப் புதிதாக ஒன்றைக் கட்டினான். கிளை நுனியில் தொங்கும் கூடு. கீழ்நோக்கி நீண்ட குழாய்தான் வாசல். உள்ளே முட்டை உருண்டு விழாதபடி உயரமான தடுப்பு. முதலில் ஏறிப் பார்த்த பாம்பு வழுக்கி ஏரியில் விழுந்தது. அதைக் கேட்டுப் பக்கத்து ஏரிப் பறவைகளெல்லாம் பார்க்க வந்தன. "இனி வேற கூடு எதுக்கு?" என்றது மைனா. நாரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு அவன் யார் இடத்துக்கும் போகவில்லை. யார் வந்து கேட்டாலும் அதே கூட்டைக் கட்டினான்.

அப்போதுதான் மஞ்சக்காலி வந்தாள். ஏரியோரப் பொட்டல் தரையில் நடந்தே இரை தேடுகிறவள். நீளமான மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்புத் தோல். சில நாள் முன்புதான் அவள் கணவனை நரி கொண்டுபோயிருந்தது. வயிற்றில் முட்டை இருந்தது.

"தம்பி, எனக்குத் தரையிலேயே ஏதாவது மறைப்பா ஒண்ணு வேணும். என் காலு…"

"தரையிலயா? அத்தானுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுமா கேக்குறீங்க? இருக்கிறதுலயே நல்ல கூடு உங்களுக்குக் கட்டித் தர்றேன் அக்கா. நரி என்ன, பாம்பே வராது."

"அதில்ல தம்பி, எனக்குக் கிளையில…"

"ஒரு தடவை உள்ளே உக்காந்து பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுவீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். மஞ்சக்காலி தலையாட்டினாள். இவ்வளவு பேர் மெச்சும் வேலைக்காரனுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டாள்.

கருவேல மரத்தில் கூடு தயாரானது. நாரனும் தினையாளும் கீழிருந்து முட்டுக் கொடுத்து, அவளைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றினார்கள். அவள் கால் நாரில் பட்டு வழுக்குவதைத் தினையாள் பார்த்தாள். திரும்பும் வழியில், "அவங்களுக்குப் பின்விரல் பேருக்குத்தான் இருக்கு. எதைப் பிடிச்சு ஏறுவாங்க?" என்று கேட்டாள்.

"பழகிக்குவாங்க" என்றான் நாரன். மறுநாள் இருவரும் அடுத்த ஏரிக்கு மைனாக்களுக்குக் கூடு கட்டப் போய்விட்டார்கள்.

மஞ்சக்காலி உள்ளே நான்கு முட்டை இட்டாள். பசி தாங்காமல் ஒரு காலையில் குழாய் வழியே கீழே இறங்கினாள். வயிறு நிறைந்ததும் திரும்பி வந்து, குழாயின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. மறுபடி பறந்தாள், மறுபடி விழுந்தாள். வெயில் ஏறும்வரை விழுந்துகொண்டே இருந்தாள். பிறகு அடுத்த ஏரிக்குப் பறந்தாள்.

"தம்பி, உள்ளே போக முடியலை. கொஞ்சம் வந்து பாரு."

நாரன் அலகில் நாரோடு, பாதி முடிந்த கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் மைனாக்கள் வேடிக்கை பார்த்தன.

"புதுசுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அக்கா. இன்னும் ரெண்டு தடவை முயற்சி பண்ணுங்க. வந்துடும்."

அவள் திரும்பிப் போனாள். பகலெல்லாம் முயன்றாள், இருட்டிய பிறகும் முயன்றாள். காலில் தோல் உரிந்தது. முட்டைகள் குளிர்ந்து செத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அது கோடைக்காலம். வெயிலே அடைகாத்தது. சில நாளில் கூட்டுக்குள்ளிருந்து ஓடு உடையும் சத்தம் கேட்டது. பிறகு குஞ்சுகளின் குரல்.

தரைப் பறவையின் குஞ்சுகள் பிறந்ததும் நடக்கும். அவை நடந்து வந்து தடுப்பில் முட்டிக்கொண்டன. அதைத் தாண்டி வர வழியில்லை. கீழே தாயின் குரல் கேட்கக் கேட்க இன்னும் கத்தின. மஞ்சக்காலி ஓடிப்போய் ஏரித் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, குழாயின் அடியில் பறந்து பறந்து சிறகடித்தாள். ஒரு சொட்டாவது உள்ளே தெறிக்காதா என்று பார்த்தாள். தண்ணீரெல்லாம் மண்ணில் விழுந்தது.

அங்கே நின்ற கொக்கு கூட்டைக் குத்திக் கிழிக்கப் பார்த்தது. பாம்புக்கே இடம் கொடுக்காத நெசவு அது. ஒரு நார்கூட அறுபடவில்லை. கொக்கு நாரனிடம் பறந்தது.

நாரனும் தினையாளும் வந்து சேர்ந்தபோது கருவேல மரத்தில் சத்தம் அடங்கியிருந்தது. நாரன் உள்ளே ஏறினான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மஞ்சக்காலி அவன் முகத்தைப் பார்த்தாள். "அதுங்களுக்கு என் முகமே தெரியாது தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

மறு பருவத்தில் நாரன் அவளைத் தேடிப் பொட்டலுக்குப் போனான். கொதிக்கும் வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்தாள். மேலே ஒரு புல்லின் மறைப்புகூட இல்லை. முட்டைகளின் சூடு தணிய, வயிற்றை நனைத்து வந்து அவற்றின் மேல் அமர்ந்திருந்தாள்.

"அக்கா, சும்மா பக்கத்துல உக்காந்து பாக்கிறேன். உங்களுக்கு என்ன வேணுமோ அதை மட்டும்…"

"வராதே! கிட்ட வராதே!" அவள் எழுந்து அவன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினாள். அவன் பறந்து மறையும்வரை கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு வந்த நரி பாதி முட்டைகளைத் தின்றது. அப்போதும் அவள் எந்த மறைப்புக்குள்ளும் போகவில்லை. ஆள் வருவதைக் கண்டாலே கத்துவதால், பின்னால் வந்தவர்கள் அவளை ஆட்காட்டி என்றே அழைத்தார்கள்.

நடந்ததைக் கேட்ட மற்ற பறவைகளும் நாரனிடம் வருவதை நிறுத்திக்கொண்டு, தெரிந்த அளவுக்குச் சுள்ளி பொறுக்கித் தாமே கூடு வைத்தன. அன்று பொட்டலிலிருந்து நாரன் வீடு திரும்பினான். தினையாள் கூட்டுக்குள் இல்லை. வெளியே கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே வா, வெயிலடிக்குது" என்றான்.

"நீங்க கட்டினதுங்கறதுக்காக இனி எதுக்குள்ளயும் நுழைய மாட்டேன். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுப் பாதியோட நிறுத்துங்க. வந்து இழுத்துப் பாக்கிறேன், கால் வச்சுப் பாக்கிறேன். சரிப்படலைன்னா போயிடுவேன். ஏன்னு கேக்கக் கூடாது."

அவன் புதிதாக ஆரம்பித்தான். வாசல் வைக்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்து அவளைக் கூப்பிட்டான். தினையாள் வந்தாள். நாரை இழுத்துப் பார்த்தாள், விளிம்பில் நின்று பார்த்தாள். எதுவும் சொல்லாமல் பறந்துபோனாள். அவன் அடுத்த கிளையில் இன்னொன்று ஆரம்பித்தான்.

அதிலிருந்துதான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டுப் பெண்குருவி வந்து பார்க்கும்வரை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் போன பாதிக் கூடுகள், வாசலும் இல்லாமல் குடியும் இல்லாமல், வருடம் முழுக்கக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன.