ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கள்ளுக்கடை

கேளுங்க மக்களே. பனைமரத்தை எண்ணி முடிச்சவன் ஒருத்தனும் இல்லாத காலம் அது. அந்தப் பனங்காட்டு நாட்டுக்கு ராசா செங்கண்ணன். நல்ல ராசா. சிரிக்க வைப்பான். அதுதான் வினை.

அங்க ஒரு வழக்கம் இருந்துச்சு. கள்ளுக்கடை மணலாத்துக்கு அந்தப் பக்கம்தான். குடிக்க வர்றவன் இடுப்பு அருவாளக் கடைக்காரன்கிட்ட குடுத்துரணும், மறுநாள் காலையிலதான் திரும்ப வாங்கணும். குடிச்சிட்டு வீடு திரும்ப மணல்ல ரெண்டு நாழிகை நடை. வீடு சேர்றதுக்குள்ள பாதி போதைய மணலே குடிச்சிரும்.

ராசாவுக்கு முழங்கால் வலி. ஆனா கள்ளு மேல உசுரு. "ஆத்தைத் தூக்கிட்டு வர முடியாது, கடையத் தூக்கிட்டு வாங்கடா"ன்னான். ஊர்க் கிணத்துக்குப் போற ஒத்தையடிப் பாதை ஓரமா கடை வந்துச்சு. "அருவா இல்லாத பனையேறி கிலுகிலுப்பை இல்லாத பிள்ளை மாதிரி அழுவான்"னு அருவாள வாங்கி வைக்கிற வழக்கத்தையும் நிறுத்திட்டான். சபையே சிரிச்சுது.

மாடத்தின்னு ஒருத்தி, தண்ணி எடுக்கப் போறவ, முதல் தடவை வந்தா. "ராசாவே, பாதையில குடிகாரங்க பேசுறது காது கூசுது."

"காதைப் பொத்திக்கோ தாயி."

"ரெண்டு கையும் குடத்துல இருக்கே ராசாவே."

சபை சிரிச்சுது. அவ சிரிக்கல.

ரெண்டாவது தடவை வந்தா. "வழிய மறிக்கிறாங்க. சேலையப் பிடிக்கிறாங்க."

"வேற வழியா போங்க."

"இருக்குறது ஒரே வழி. ஒரே கிணறு."

"அப்ப தாகத்தைக் குறைச்சுக்கோ."

சபை இன்னும் சத்தமா சிரிச்சுது.

மூணாவது தடவை விடிஞ்சதும் அவ வந்தப்ப யாரும் சிரிக்கல. அவ சேலையெல்லாம் ரத்தம். முந்தின நாள் சாயங்காலம் அவ தங்கச்சி இசக்கி தனியா தண்ணிக்குப் போயிருக்கா. அரண்மனைக் குதிரைக்காரன் கொம்பையா குடிச்சிட்டு அவளைப் பனங்காட்டுக்குள்ள இழுத்துச் சீரழிச்சிட்டான். அலறல் கேட்டு ஓடுனது மாடத்தி புருசன் சுடலை. கொம்பையா இடுப்புல அருவா இருந்துச்சு. சுடலை செத்துப்போனான்.

கொம்பையாவ இழுத்துட்டு வந்தாங்க. "நான் செய்யல ராசாவே. கள்ளு செஞ்சது"ன்னு அழுதான்.

ராசா யோசிச்சான். அப்புறம் கேட்டான், "நேத்து கடையில எத்தனை பேருடா?"

"நாப்பது பேர்."

"மத்த முப்பத்தொன்பது பேரும் என்னடா செஞ்சாங்க?"

"ஒருத்தன் பாடுனான். ஒருத்தன் வேலியில விழுந்தான். மிச்சப் பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அந்தப் பொண்ணுக்கு முன்னால அதே பாதையில தளபதி சம்சாரம் பல்லக்குல போனாங்களே, அவங்களை ஏன் தொடல?"

கொம்பையா வாய் தவறிச் சொல்லிட்டான். "கூட நாலு ஈட்டிக்காரங்க இருந்தாங்களே."

"அப்ப உன் போதைக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. ஆள் பார்த்து, காவல் பார்த்து வந்திருக்கு"ன்னான் ராசா. சாகுற வரைக்கும் பாதாளச் சிறைன்னு தீர்ப்பு சொன்னான்.

ராசாவோட புத்தியே புத்தின்னு சபை கொண்டாடுச்சு. மாடத்தி மட்டும் நகரல.

"தீர்ப்பு சரிதான் ராசாவே. அவன் செஞ்சதுக்கு அவன்தான் பொறுப்பு. ஆனா கடை ஆத்துக்கு அந்தப் பக்கமே இருந்திருந்தா? அருவா கடைக்காரன்கிட்டயே இருந்திருந்தா? நான் முதல் தடவை வந்தப்ப நீங்க சிரிக்காம இருந்திருந்தா?"

ராசா சிம்மாசனத்தை விட்டு எந்திரிச்சான்.

அப்பவே கடையப் பழைய இடத்துக்கே மாத்தச் சொன்னான். முழங்கால் வலியோட தானும் கூடவே நடந்தான். நாலு ஆளு, ஒரு மாட்டுவண்டி. உச்சிவெயிலுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருச்சு.

"இவ்வளவுதானா?"ன்னு கேட்டான் ராசா.

"இவ்வளவுதான் ராசாவே"ன்னான் வண்டிக்காரன்.

ராசா அந்த மணல்லயே உக்காந்துட்டான். ரொம்ப நேரம் எந்திரிக்கல. ஊருக்குள்ள சுடலைக்குப் பாடை கட்டிட்டிருந்தாங்க. இசக்கி வீட்டுக் கதவு சாத்தியே கிடந்துச்சு.

குடிச்சவன் தன் குத்தத்தைப் போதை தலையில ஏத்த முடியாது, குத்தத்துக்கு வழி போட்டுக் குடுத்துட்டு எச்சரிக்கையக் கேட்டுச் சிரிச்சவனும் தப்பிக்க முடியாது.