அலைவீரர் யார் வீட்டுப் பிள்ளை?

கடலோரக் காயல் ஒன்றில் செம்பி என்றொரு தாழைக்கோழி, அதாவது ஒரு நீர்ப்பறவை, இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் குங்குமம் இட்டாற்போல ஒரு சிவப்பு. கோரைப்புல் நடுவில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, கூடு கட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

காலையில் சூரியன் தலைகாட்டியதும், "சாமி, என் முட்டையெல்லாம் நல்லபடியா பொரியணும்!" என்று ஒரு கும்பிடு போடும். அதற்குப் பிறகுதான் நத்தை தேடப் போகும்.

அந்தக் காயல் கடலோடு சேருகிற வாயில், பெரிய புன்னைமரக் கட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. கோடையில் அது நல்ல தண்ணீரைக் கடலுக்கு ஓடவிடாமல் தடுத்து வைக்கும். ஐப்பசி மேகம் கூடியதும் காயலில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கட்டையை ஓரமாகத் தள்ளி, வாயைத் திறந்துவிடுவார்கள். மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும். கடல்மீன் உள்ளே ஏறி வரும். வருஷா வருஷம் நடக்கிற வேலை இது.

அது லேசுப்பட்ட கட்டையும் இல்லை. அலைவீரர் ஏறி வந்த கப்பலே அதுதான்! முன்னொரு காலத்தில் முதலைக் கூட்டம் காயலைப் பிடித்துக்கொண்டு யாரையும் வாழவிடாமல் செய்தது. அப்போது மிதக்கிற கட்டைகளையெல்லாம் வரிசையாகத் திரட்டி, கடற்படை ஒன்று அமைத்து, முதலைகளை ஆழ்கடல் வரைக்கும் விரட்டியவர் அலைவீரர். அவர் என்ன குலம்? அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு அதைக் கேட்கவே தோன்றவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் மேகம் கூடியது. நீர்நாய் மூக்கன் தன் குட்டிகளிடம், "வாங்கடா, கட்டை தள்ளப் போகலாம்! அது நம்ம தாத்தா கப்பல். அலைவீரர் நீர்நாய்தானே!" என்றது.

பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை பொறையன் சட்டென்று தலையை நீட்டியது.

"என்ன சொன்னே? அலைவீரர் நீர்நாயா? வீட்டை முதுகில் தூக்கிக்கிட்டுக் கடல் கடக்கிறவன் யாரு? ஆமை! கப்பல்னா என்ன? மிதக்கிற வீடு! இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"உன் வேகத்துக்கு முதலையை விரட்டினா, முதலை கொட்டாவி விட்டுக்கிட்டே போயிருக்கும்!" என்றது மூக்கன்.

மரத்தின் மேலிருந்து கூழைக்கடா பைவாயன் சிரித்தது. "ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. கப்பலுக்குப் பாய் வேணுமா இல்லையா? என் இறக்கையைப் பாருங்க. இதைப் பார்த்துத்தான் பாயே கண்டுபிடிச்சாங்க. அவர் எங்க ஆளு!"

செம்பி இதையெல்லாம் கூட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. 'நமக்கென்ன!' என்று இருந்திருக்கலாம். ஆனால் கட்டையின் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு கறை இருப்பது அதன் நினைவுக்கு வந்தது. மனசு கேட்கவில்லை. இறங்கி ஓடிவந்தது.

"அண்ணே! கட்டை நெத்தியில செவப்பு இருக்கு, பார்த்தீங்களா? என் நெத்தியிலயும் இருக்கு, பார்த்தீங்களா? அப்புறம் என்ன பேச்சு? அவர் தாழைக்கோழி!"

"அது துருவா இருக்கும்மா!" என்றது மூக்கன்.

"மரம் துருப்பிடிக்குமா? பேச வந்துட்டாரு!"

சண்டை வலுத்தது. கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒத்துப்போனது. அலைவீரரின் சொந்தக்காரர் யாரோ, அவர்தான் இனிமேல் கட்டையில் முதலில் கை வைக்க வேண்டும். சரி, அந்தச் சொந்தக்காரர் யார்? மறுபடியும் சண்டை!

அந்த நேரம் பார்த்து, வடக்கே இருந்து வந்த ஒரு நெட்டை நாரை கரையில் இறங்கியது. நடந்ததைக் கேட்டதும் அதன் கண்ணில் ஒரு மினுக்கம்.

"நான் ஏழு கடல் பார்த்தவன். கட்டையை ஆராய்ந்து உண்மையைச் சொல்கிறேன். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் சாட்சி அழிந்துவிடும்!"

"ரொம்ப நல்லதுங்க ஐயா!" என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆனால் ஒன்று. காலி வயிற்றோடு ஆராய்ச்சி ஓடாது."

அன்றிலிருந்து நாரைக்கு விருந்துதான்! மூக்கன் கெளுத்தி கொண்டுவந்து வைத்தது. பொறையன் மெதுவாக, ஆனால் விடாமல், இறால் கொண்டுவந்தது. பைவாயன் தன் பையையே கவிழ்த்துக் கொட்டியது. செம்பியும் தன் பங்குக்கு நத்தை பொறுக்கிக் கொடுத்தது. நாரை தின்றுவிட்டுக் கட்டையைச் சுற்றி ஒரு நடை நடக்கும். "ம்ம்ம்... இந்தப் பக்கம் பல் பட்ட தடம் தெரிகிறது" என்று மூக்கனைப் பார்க்கும். மூக்கனுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் "ம்ம்ம்... ஓடு உரசினாற்போலவும் இருக்கிறது" என்று பொறையனைப் பார்க்கும். அன்றைக்குப் பொறையனின் இறால் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்த மழை, பிறகு விடாமல் பெய்தது. கட்டை வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. காயல் ஏறிக்கொண்டே வந்தது.

தாழைக்கோழிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஏற ஏற, கூட்டின் அடியில் கோரைப்புல்லைச் செருகிச் செருகிக் கூட்டை உயர்த்திக்கொண்டே போகும். செம்பியும் செருகியது. ஆனால் ஒரு கட்டு புல் செருகுவதற்குள், கரையிலிருந்து யாராவது, "அலைவீரர் ஆமைதான்!" என்று சத்தம் போடுவார்கள். உடனே புல்லைப் போட்டுவிட்டு, "அந்தச் செவப்புக்கு என்ன பதில்?" என்று ஓடும். பதில் சொல்லிவிட்டு வந்தால், தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஒருநாள் அப்படித்தான் போனது. அன்றைக்கு வாதத்தில் செம்பிதான் ஜெயித்தது. செம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டுக்குத் திரும்பியது.

கூடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உள்ளே தண்ணீர். முட்டைகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றைக் காணோம்.

கோரைக்குள் தேடியது. தாமரை இலைக்கடியில் தேடியது. எங்கேயும் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் கொண்டுபோயிற்றோ!

"சாமி, ஜெயிச்சுட்டேன்னு வந்தேனே. என் பிள்ளையை விட்டுட்டு எதை ஜெயிச்சேன்!" என்றது மெதுவாக.

பிறகு மிச்ச முட்டைகளைக் கூட்டின் மேட்டுக்கு உருட்டியது. கிடைத்த புல்லையெல்லாம் அடியில் திணித்தது. நேரே நாரையிடம் ஓடியது.

"நாரை ஐயா! எங்க ஆளுன்னு சொல்ல வேண்டாம். யாரைச் சொன்னாலும் சரி. இன்னைக்கே சொல்லிடுங்க. வாயைத் திறக்கணும், கூடு முழுகுது!"

நாரை கொத்திய மீனை நிதானமாக விழுங்கியது. "இதெல்லாம் வரலாறு அம்மா! அவசரப்பட்டால் நடக்குமா? இன்னும் அடிப்பக்கம் பார்க்கவில்லையே!"

செம்பி அதன் காலைப் பார்த்தது. இவ்வளவு தண்ணீர் ஏறியும் நாரைக்கு முழங்கால்கூட நனையவில்லை. அதன் வயிறு மட்டும் வந்த நாளைவிட நன்றாகத் தொங்கியது. செம்பிக்குப் புரிந்துவிட்டது. 'இவருக்கு ஏன் அவசரம் வரப்போகுது?'

கட்டையிடம் போனது. சின்ன நெஞ்சை அதில் முட்டுக்கொடுத்துத் தள்ளத் தொடங்கியது.

"ஏய், தொடாதே!" என்று கத்திக்கொண்டு மூக்கன் பாய்ந்து வந்தது. "சாட்சி அழிஞ்சிடும்! யாரைக் கேட்டுக் கை வச்சே? சொந்தக்காரங்கதான் முதல்ல வைக்கணும்னு பேச்சு!"

"நான் சொந்தம் கொண்டாட வரலைண்ணே. அவர் தாழைக்கோழி இல்லை. நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தச் செவப்பு துருவாவே இருந்துட்டுப் போகட்டும்!"

"அப்படி வா வழிக்கு! அப்போ அவர் நீர்நாய்!"

"இருக்கட்டும்ணே. ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. காயலுக்கு ஆபத்துன்னதும் அவர் கட்டையில ஏறி வந்தாரு. அவர் பேரன் நீங்க கட்டையைக் காவல் காத்துக்கிட்டு நிக்கிறீங்களே? உங்க வளையிலயும் தண்ணி ஏறுதாம். குட்டிங்க மேட்டுல உக்காந்து நடுங்குதுங்களாம்."

மூக்கனுக்குச் சுருக்கென்றது. குட்டிகளின் நினைப்பு ஒரு பக்கம். ஒரு தாழைக்கோழி தள்ள, அலைவீரர் பேரன் வேடிக்கை பார்ப்பதா என்ற ரோஷம் ஒரு பக்கம்.

"தள்ளு அந்தப் பக்கம்!" என்று உறுமிவிட்டு, செம்பிக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தது.

இதைப் பார்த்ததும் பொறையன், "ஓகோ! நீ தனியா தள்ளி, ஊரெல்லாம் நீதான் பேரன்னு சொல்லப் பாக்கறியா? நடக்காது!" என்று வேகமாக வந்தது. ஆமை அவ்வளவு வேகமாக வந்ததை அந்தக் காயல் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வந்ததும் ஓட்டைக் கொண்டு கட்டையில் ஒரு முட்டு!

மரத்தின் மேல் பைவாயனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காயலின் வாய் திறக்காததால் கடல்மீன் வரவில்லை. பிடித்த மீனையெல்லாம் நாரைக்குக் கொட்டியதில், அதன் பை காற்று போன பை மாதிரி தொங்கியது. "எங்க குலத்தை விட்டுட்டா தள்ளுவீங்க?" என்று பொத்தென்று குதித்து இறக்கையை விரித்து நின்றது.

நாரை இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்தது. காயலின் வாய் திறந்துவிட்டால் விருந்து முடிந்தது!

"நிறுத்துங்கள்! தீர்ப்பு வந்துவிட்டது!" என்று கூவியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அலைவீரர்... ஒரு நாரை! புயலில் கப்பல் மேல் ஒற்றைக்காலில் நிற்க வேறு யாரால் முடியும்? ஆகையால் சொந்தக்காரன் நானே சொல்கிறேன், யாரும் அதைத் தொடாதீர்கள்!"

முதலில் பொறையன் சிரித்தது. பிறகு மூக்கன். பைவாயன் சிரித்த சிரிப்பில் அதன் பை படபடவென்று அடித்துக்கொண்டது.

"எங்க மீனைத் தின்னுட்டு எங்க தாத்தாவையும் தின்னப் பாத்தியே!" என்றது மூக்கன். "பேரப்பிள்ளைன்னா இப்படி வந்து தோள் கொடுய்யா பார்ப்போம்!"

நாரை தோள் கொடுக்கவில்லை. "உங்களுக்கெல்லாம் வரலாற்றின் அருமை தெரியவில்லை!" என்று சொல்லிவிட்டு, கனத்த வயிற்றோடு தடுமாறிப் பறந்துபோனது.

"ம்! தள்ளுங்க!" என்றது செம்பி.

கட்டை நகரவில்லை. மணல் நன்றாகப் பிடித்திருந்தது.

"அண்ணே, ஆளுக்கொரு நேரம் தள்ளினா எப்படி? சேர்ந்து தள்ளுங்க. ம்!"

கட்டை கரகரவென்று முனகியது. இன்னொரு தள்ளு. ஒரு முனை திரும்பியது. அவ்வளவுதான்! அடைபட்டுக் கிடந்த தண்ணீர் ஹோவென்று கடலைப் பார்த்து ஓடியது. செம்பியை அது இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பொறையன் அதன் வாலைக் கவ்விப் பிடித்துக் கரையில் விட்டது.

"வாலில் நாலு இறகு போச்சு!" என்றது செம்பி.

"நாரை மாதிரி தடம் எண்ணிக்கிட்டு இருக்காதே. உயிர் இருக்குல்ல?" என்றது பொறையன்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மூக்கனின் குட்டிகள் வளைக்குள் ஓடின. அடுத்துக் கடல் பொங்கி ஏறியபோது மடவை மீன் கூட்டம் உள்ளே வந்தது. பைவாயன் அன்றைக்கு வாய் பேசவில்லை. பேசினால் மீன் நழுவிவிடுமே!

செம்பி கூட்டுக்குப் போனது. போன முட்டை போனதுதான். மிச்ச முட்டைகளை நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. தொட்டுப் பார்த்தது. கதகதப்பு இன்னும் இருந்தது.

"சாமி, இது போதும்" என்றது.

கரையிலிருந்து மூக்கனின் குரல் கேட்டது. "செம்பி! ஒரு சந்தேகம். நிஜமாவே அவர் யாரா இருப்பாருன்னு நினைக்கிறே?"

"எனக்குத் தெரியலைண்ணே," என்றது செம்பி, புல்லைச் செருகிக்கொண்டே. "ஆனா இன்னைக்கு நம்மைப் பார்த்திருந்தா, எல்லாருமே என் பிள்ளைங்கன்னு சொல்லியிருப்பாரு."

ஆகவே பிள்ளைகளே, பெரியவர் ஒருவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்று சண்டை போடுவதைவிட, அவர் செய்த நல்ல காரியத்தை நாமும் சேர்ந்து செய்வதே அவருக்குச் செய்கிற உண்மையான மரியாதை.