சனிக்கிழமை மன்னிப்பு

"நான் கேட்டா தப்பாத்தான் கேப்பேன் சிஸ்டர். நீங்கதான் சரியா எடுத்துக்கிடணும்" என்றாள் தங்கபுஷ்பம்.

லோயிசாள் தன் வீட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சபைப் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறவள். தங்கபுஷ்பத்தைவிட இளையவள்.

"கேளுங்கக்கா."

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ நான். கோர்வையா வராது."

"கேளுங்க."

"நான் வளந்திருக்கேனா, இல்லையா?"

லோயிசாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்பைச் சொல்லல சிஸ்டர்! போன வாரம் போதகரையா பிரசங்கத்துல, எத்தனை நாளைக்குத்தான் விசுவாசத்துல பால் குடிக்கிற பிள்ளையாவே இருப்பீங்கன்னு கேட்டாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. பேரன் எடுத்தவ நான்."

"ம்."

"நாளைக்குத் திருவிருந்து. மனசுல கறையோட அந்த அப்பத்தை வாங்கினா ஆக்கினை, தண்டனைன்னு வேதத்துல போட்டிருக்கு. அதனால மாசாமாசம் சனிக்கிழமை எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுருவேன். இன்னைக்கும் கேட்டாச்சு."

"எல்லார்னா?"

"பால்காரர். மேலவீட்டு வாத்தியார் சம்சாரம். கோயில் மணியடிக்கிற செல்லையா."

"செல்லையாவை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

லோயிசாளுக்குச் சிரிப்பு வந்தது. கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்சிபாகிட்ட?"

எப்சிபா தங்கபுஷ்பத்தின் ஓர்ப்படி. கொழுந்தன் மனைவி. அடுத்த வீடு. பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. நின்றபோது கல்யாணமான எப்சிபாவின் மகளுக்கு, இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

"அவகிட்டதான் முதல்ல. வாசல்ல நின்னு, 'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரு'ன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

"அவங்க?"

"சரிம்பா. மாசாமாசம் சரிம்பா. மறுநாள் பழையபடி மூஞ்சியைத் திருப்பிக்கிடுவா. நானும்தான். இத்தனை தடவை மன்னிப்புக் கேட்டும் ஒண்ணும் நடக்கலையே, நான் வளரவே இல்லையோன்னு..."

லோயிசாள் எழுந்தாள். கையைக் கழுவினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள்.

"அக்கா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் நடந்தாள்.

தங்கபுஷ்பம் அடுத்தவர் அடுக்களையில், உருவாத கீரைக்கு முன்னால் தனியாக நின்றாள். பிறகு ஓடினாள்.

"சிஸ்டர்! என்ன செஞ்சீங்க?"

"சரின்னு சொல்லுங்கக்கா, போதும்."

"என்னன்னு தெரியாம எப்படிச் சரிம்பேன்? என்னைப் பத்தி யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா? என் மருமககிட்டயா?"

லோயிசாள் திரும்பி வந்து கீரையைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு நெஞ்சு படபடங்குது சிஸ்டர்!"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான்தான் கேட்டுட்டேனே."

தங்கபுஷ்பம் நின்றாள்.

"அப்ப நான் போயி மறுபடி கேக்கணுமா? கேட்டதே தப்பா? நாளைக்குத் திருவிருந்துப் பந்திக்குப் போகலாமா, கூடாதா?"

"இருட்டப் போகுது. பாத்துப் போங்க."

மறுநாள் கோயிலில் தங்கபுஷ்பத்துக்கு ஒரு பாட்டும் மனசில் ஓடவில்லை. எப்சிபா பின்வரிசைப் பாயில் இருந்தாள். எப்போதும் அப்பம் வாங்க அவள் பீடத்தின் முன் எந்தப் பந்தியில் முழங்கால் போடுகிறாள் என்று பார்த்து, தங்கபுஷ்பம் வேறு பந்திக்குப் போவாள். பக்கத்தில் இருந்தால் கெட்ட நினைவு வரும் என்று பயம்.

முதல் பந்தி போனது. எழுந்தாள். உட்கார்ந்தாள்.

அடுத்ததும் போனது. போனால் ஆக்கினை. போகாவிட்டால் ஊர் என்ன பேசும்?

கடைசிப் பந்திக்கு எழுந்து, பீடத்தை நோக்கி நடப்பதற்குப் பதிலாகப் பின்வரிசைக்கு நடந்தாள். எப்சிபா எழுந்திருக்கப் போனவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நான் மன்னிப்புக் கேட்டேன்ல" என்றாள் தங்கபுஷ்பம், குரலைத் தாழ்த்தி.

"ஆமா."

"எதுக்குன்னு நீ கேக்கவே இல்லையே?"

"கேட்டா உங்களுக்குத் தெரியுமாக்கா?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த 'அக்கா'. தெரியும் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்திருந்தாள். இவள் மகள் கல்யாணத்தில் பேசியதா? அதற்கு முந்தியதா?

"நான் சொன்னா தப்பாச் சொல்லிருவேன். நீயே சொல்லு."

கடைசிப் பந்தி முழங்கால் போட்டுவிட்டது. இரண்டு பேரும் போகவில்லை.

எப்சிபா பாயில் கிடந்த வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள்.