முழுக்கடலை மிட்டாய்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சீடர் காலில்தான் விழுவார்கள். கோமதிநாயகம் பதறி விலகி, கிணற்றடியில் வாளியோடு நிற்கிற மாசிலாமணி அடிகளைக் கையால் காட்டுவார். வாயைத் திறந்து சொல்லமாட்டார். பேச்சைக் குறைத்துக்கொள்ளவே வந்தவர் அவர்.

திருச்செந்தூருக்கு நடந்துபோகிற பாதையில், கரிசல் காட்டு நடுவே ஒரு பாறையை ஒட்டி அந்த மடம் இருந்தது. பாறையில் ஒரு குகை, குகைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. மௌனம் ஏற்றவர் உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம். சோறும் தண்ணீரும் கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக வரும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தச் சாவிக்காகத்தான் நாலு மாதமாக அவர் காத்துக்கிடந்தார்.

முப்பத்து நாலு வருஷம் நில அளவை வேலையில் சங்கிலி பிடித்தவர். ஓர் அங்குலம் பிசகமாட்டார். ஆவணி மாதம் மனைவி வடிவு இறந்தபோதும் பிசகவில்லை. பந்தலுக்கு ஆள், தகவல் சொல்லவேண்டிய வீடுகள், சுடுகாட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. என்ன திடமான மனுஷன் என்று தெருவே மெச்சியது.

மகள் உச்சிமாகாளி மட்டும், பதினாறாம் நாள் முடிந்து தன் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டாள்.

"அப்பா, அம்மா செத்துப்போனது ஒங்களுக்குத் தெரியுமா?"

அதற்குப் பிறகு அவளும் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால், தட்டைத் தரையில் வைக்கிற சத்தமே வீட்டில் பெரிதாகக் கேட்டது. வடிவு என்ற பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னால் தாங்கமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மடத்துக்கு வந்த பஸ்ஸில்கூட ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மடத்தில் அவரைக் கல்யாணமே ஆகாதவர் என்று நினைத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் அவர் அடிகளிடம் போய், சாவியைத் தந்துவிடும்படி கேட்டார். தராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அடிகள் அதற்குக் கோபப்படவில்லை. பாதயாத்திரைக்காரர்கள் நாளை மறுநாள் இந்த வழியாக வருகிறார்கள், அவர்களுக்கு மடத்தில் கடலை மிட்டாயும் தண்ணீரும் கொடுப்பது வழக்கம், இந்த வருஷ மிட்டாய் உங்கள் கையால் ஆகட்டும், அது முடிந்ததும் சாவி தருகிறேன் என்றார்.

கோமதிநாயகத்துக்கு இது என்ன கூத்து என்று இருந்தது. மிட்டாய் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். துறவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"இத மொதல்ல செஞ்சது யாரு, சாமி?"

"தெரியாது."

"எங்கேருந்து வந்தது?"

"கொட்டை கப்பல்ல வந்ததுன்னு சொல்வாங்க. எங்க திண்டிவனம் பக்கம் அதுக்கு மணிலாக்கொட்டைன்னே பேரு. வெல்லம் இங்கேயே இருந்தது."

"ரெண்டையும் சேத்தது யாரு?"

"ஒண்ணும் இல்லாத வீட்டுக்கு யாரோ வந்திருப்பாங்க. பானையில கொஞ்சம் வெல்லம், மூலையில கொஞ்சம் கொட்டை. வந்தவங்கள வெறும் வாயோட அனுப்ப மனசு வந்திருக்காது."

"நடந்து வாரவுக சர்க்கரைப் பொங்கல் தாரோம்னாலும் மிட்டாய் இல்லையான்னுதான் கேக்காகளாம். அப்படி என்ன இருக்கு அதுல?"

"செஞ்சு பாருங்க."

மடத்துச் சமையல்காரி மாடத்தி செய்முறையைச் சொல்லிக்கொடுத்தாள். கடலையை மணலில் வறுக்கணும். ஆறினதும் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் உதிரும், பருப்பும் இரண்டாகப் பிளந்துவிடும். முறத்தில் புடைத்துத் தோலைத் தள்ளணும். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உறைந்ததை எடுத்துப் பாத்திர விளிம்பில் போட்டால் டங்கென்று சத்தம் வரணும். அதுதான் பதம். அப்போது கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூடு ஆறுமுன் உருளையால் அழுத்தித் துண்டு போடவேண்டும். இவ்வளவுதான் என்றாள்.

எல்லாம் சரி, பருப்பு பிளந்துவிடும் என்றாளே, அது அவருக்குச் சரியாகப் படவில்லை. மிட்டாய் முதலில் மடத்தில் நட்டிருக்கும் வேலுக்குப் படைக்கப்படும், பிறகுதான் ஜனங்களுக்கு. அட்சதைக்குக்கூட நுனி முறியாத அரிசியைத்தான் எடுக்கிறோம். சாமிக்கு உடைந்ததை வைக்கலாமா? இத்தனை வருஷமாக இந்த மடத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாகவும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சாக்கில் தேய்க்காமல் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தோலை உரித்தார். பிளந்தவற்றை ஒதுக்கி முழுசாக இருந்தவற்றை மட்டும் சேர்த்தார். மாடத்தி உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். காலையில் உட்கார்ந்தவர் உச்சிப்பொழுது தாண்டித்தான் எழுந்தார். அத்தனை நேரமும் யாரும் அவரிடம் பேசவில்லை. இது அவர் விரும்பிக் கேட்டதுதான் என்றாலும், இடையிடையே வாசல் பக்கம் ஏன் திரும்பிப் பார்க்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

பாகு டங்கென்றது. பலகையில் பரப்பினார். உருண்டைக் கடலைகள் உருளைக்கு அடங்காமல் விலகி விலகி ஓடின. எப்படியோ ஒரு தட்டாக்கி, அடிக்கோல் வைத்து அளந்து கத்தியை இறக்கினார். கத்தி பட்ட இடத்திலெல்லாம் கடலை பாகைவிட்டுக் கழன்று வந்தது. மூன்றாவது கோட்டில் மொத்தத் தட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. கடலைகள் அடுக்களைத் தரையில் ஓடி நாலு மூலைக்கும் போய்ச் சேர்ந்தன.

மாடத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அடிகள் உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு கடலையை எடுத்து விரலால் சுண்டினார். அது உருண்டு அடுப்புக்குப் பின்னால் போயிற்று. இன்னொன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்தார். இரு பாதிகளையும் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சுண்டினார். அவை வைத்த இடத்திலேயே கிடந்தன. அடிகள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனார்.

கோமதிநாயகம் அந்த இரண்டு பாதிகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடத்தியிடம் சாக்கைக் கேட்டார்.

இரண்டாம் தடவை மிட்டாய் உதிராமல் கல்லு மாதிரி வந்தது.

யாத்திரைக்காரர்கள் மறுநாள் காலை வெயில் ஏறியபோது வந்தார்கள். பச்சை வேட்டியும் பச்சைப் புடவையுமாக முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். வேலுக்குப் படைத்தானதும் கோமதிநாயகம் பந்தலில் நின்று ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கடைசி ஆள் வாங்கும்வரை கொடுக்கிறவர் வாயில் எதுவும் படக்கூடாது என்பது மடத்து வழக்கம். வாங்கியவர்கள் மென்றுகொண்டே நடந்தார்கள். அதை அவசரமாக விழுங்க முடியாது, அது தீரும்வரை கவனமெல்லாம் பல்லில்தான், கால் கொப்புளம் மறந்துபோகிறது என்று ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இதோடு முடிந்தது, சாயங்காலம் குகை என்று நினைத்துக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் சாத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையை நீட்டி மிட்டாயை வாங்கிக்கொண்டவள், முன்பின் பார்த்திராத அவரிடம், ரொம்ப நாள் பழகினவள் மாதிரி கேட்டாள்.

"அண்ணாச்சி, மதினி வரலியா?"

அவர் எதிர்பார்த்துத் தயாராக இருந்த கேள்வி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. அதற்கு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிடலாம் என்று வைத்திருந்தார். வடிவை ஒருத்தி மதினி என்று கூப்பிடுவாள் என்று அவர் நினைக்கவேயில்லை. வந்திருந்தால் பந்தலில் எங்கே நின்றிருப்பாள் என்று அவர் கண் ஒரு கணம் தேடிவிட்டது.

"வடிவு போயிட்டா, தாயி."

"எப்போ?"

"ஆவணியில."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அறுபத்து மூன்று வயது மனுஷன் விக்கி விக்கி அழுதார். போனவர்களில் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. கையிலிருந்த மிட்டாயை முழங்காலில் வைத்து உடைத்து, ஒரு பாதியை அவருடைய வலது கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். தன் பாதியை வாயில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்துபோனாள்.

பாதை வெறிச்சோடிப்போயிற்று. காலிப் பலகை, காலித் தண்ணீர்க் குடங்கள், அவர். வடிவு இறந்த வீட்டில் இருந்ததைவிட அப்போது அவருக்கு அவள் இல்லாதது அதிகமாகத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அடிகளைத் தேடிப் போனார். அடிகள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தனக்கு மனைவி இருந்தாள் என்பதையும், மகள் வாசலில் கேட்டதையும், அதற்கு இதுவரை தான் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"அத்தன பேரு முன்னால அழுதுட்டேன், சாமி. இனி நான் மௌனத்துக்குத் தகுதியில்லாதவன்."

"தகுதியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. மிட்டாய் செஞ்சு முடிச்சா சாவி தரேன்னேன். செஞ்சு முடிச்சுட்டீங்க."

அடிகள் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். இடுப்பிலிருந்து குகைச் சாவியை எடுத்து நீட்டினார்.

கோமதிநாயகம் வாங்கப் போனார். நீண்டது இடது கை. குருவிடமிருந்து எதையும் இடது கையால் வாங்கக்கூடாதே என்று சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வலது கை இன்னும் மூடியபடியே இருந்தது. விரித்துப் பார்த்தார். வியர்வையில் வெல்லம் இளகி, அரைத் துண்டு மிட்டாய் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் சாவியைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"கையில இருக்கறத மொதல்ல தின்னுங்க, ஐயா," என்றார் அடிகள். "சாவி எங்கேயும் போயிடாது."