சிவசைலம் ரோஜர் சொன்ன கதை

சிவசைலம் ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்கு ஒரு குரு வாய்த்தார். சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பது. பாளையங்கோட்டையில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் எமிமாள்தான் அந்தக் குரு.

டாக்டர் கற்றுக்கொடுத்தது வைத்தியம் அல்ல, அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, மாடியறையில் உட்கார்ந்தபடியே எங்கோ இருக்கும் இன்னொரு உரிமக்காரரோடு பேசுகிற கலை. முதல் நாள் பாடம் ஒரே ஒரு சொல்.

“எதிராளி சொன்னது முழுசும் காதுல விழுந்தா மட்டும்தான் ‘ரோஜர்’னு சொல்லணும் அண்ணாச்சி. பாதிதான் விழுந்துச்சுன்னா, திரும்பச் சொல்லச் சொல்லுங்க.”

“இவ்வளவுதானா?” என்றார் சிவசைலம்.

“இவ்வளவுதான்,” என்றார் டாக்டர்.

நாலு வருஷத்தில் சிவசைலத்தின் மொட்டைமாடியில் மூன்று ஆன்டெனாக்கள் முளைத்தன. ஒன்று நீளக் கம்பி. ஒன்று செங்குத்துக் குழாய். மூன்றாவது மீன்முள் மாதிரி விரிந்து கிடந்தது, காக்கைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது. எதில் கேட்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு திருகைத் திருப்ப வேண்டும். முப்பது வருஷம் துணைமின் நிலையத்தில் சுவிட்சுகளோடு குடித்தனம் நடத்திய மனுஷன். வீட்டிலும் கையால் திருகுவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் வாங்கினார். அதோடு, தானாக மாறும் சுவிட்சுகளான ரிலேக்களை இணைத்தார். எந்த ஆன்டெனாவில் குரல் பலமாக வருகிறது என்று கம்ப்யூட்டர் ஓயாமல் மோப்பம் பிடிக்கும். பிடித்ததும் ரிலே ‘டக்’கென்று அந்தப் பக்கம் தாவிவிடும்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி வடிவு. “என்ன பேசுறாங்கன்னுதான் புரியல.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் சிவசைலம்.

போர்ட் பிளேரில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் இருதயராஜுக்கும் இவருக்கும் நாலு வருஷ சிநேகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேடியோவில் சந்திப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இவருக்குச் சர்க்கரை ஏறியது அவருக்குத் தெரியும். அவர் மனைவி காலமான பிறகு, கனடாவில் இருக்கும் மகன் எப்போதாவதுதான் பேசுகிறான் என்பது இவருக்குத் தெரியும். போனில் மட்டும் பேசிக்கொள்வதில்லை. ரேடியோக்காரனுக்குப் போன் எதற்கு என்ற வைராக்கியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவசைலம் தன் புது இயந்திரத்தின் பெருமையை ஆசைதீர அளந்தார். இனி ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றார். பிறகு “ஓவர்” என்று பேச்சை இருதயராஜிடம் விட்டார்.

“சைலம், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்டே. ரொம்ப நாளா யோசிச்சு...”

டக்.

“...உன்னை விட்டா எனக்கு...”

டக்.

“...ஒம்போதாந் தேதி...”

டக். டக்.

“...முடியுமாடே? ஓவர்.”

திரும்பச் சொல்லு என்று கேட்டிருக்கலாம். ஊசிக் கதையை இப்போதுதானே அளந்திருக்கிறார்? எப்படிக் கேட்பார்? புத்தி வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“ரோஜர், ரோஜர்! உன் குரல் அஞ்சு-ஒன்பது!”

அஞ்சு-ஒன்பது என்றால், பழுதே இல்லாமல் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம்.

 “நீ நல்லா இருப்படே,” என்றார் இருதயராஜ். குரல் தழுதழுத்தது. 

“எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?” என்றாள் வடிவு.

“தெரியலையே.”

“ஒம்போதாந் தேதி முகூர்த்த நாள்லா! அவரு மகனுக்கு என் தங்கச்சி மகளைக் கேட்டிருப்பாரோ?”

சிவசைலம் செருப்பை மாட்டினார். ஒரே ஓட்டமாக டாக்டரிடம் போனார். அங்கே மேசையோரம் கால் ஒடிந்த ஆடு ஒன்று கட்டுப் போட்டுப் படுத்திருந்தது.

நடந்ததைக் கேட்ட டாக்டர், “அவருக்கே போன் போடுங்களேன் அண்ணாச்சி,” என்றார்.

“அஞ்சு-ஒன்பது குடுத்துட்டு எந்த மூஞ்சியோட கேப்பேன்? அடுத்த ஞாயிறு அவன் பேசும்போது நானே பிடிச்சுக்குவேன். கம்ப்யூட்டர்ல எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

“சொல்லுங்க, கேக்கேன்.”

சிவசைலம் விளக்க ஆரம்பித்தார். ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் டாக்டர் எழுந்து ஜன்னலோர ஸ்டூலுக்குப் போனார். சிவசைலம் அந்தப் பக்கம் திரும்பிப் பேசினார். டாக்டர் வாசல் பெஞ்சுக்கு நகர்ந்தார். சிவசைலம் கழுத்தை வளைத்துக்கொண்டு பேசினார். டாக்டர் வந்து ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடியும் ஸ்டூல்.

“எம்மா! ஒரு எடத்துல உக்காந்து கேக்கக் கூடாதா? சொல்ல வந்ததே மறந்து போச்சு!”

“அங்கன இருந்தா இன்னும் நல்லாக் கேக்குமோன்னு பாத்தேன் அண்ணாச்சி.”

சிவசைலம் தொடையைத் தட்டினார்.

“பிடிச்சுட்டேன்! வேகம் போதலை! நீங்க எந்திரிச்சுப் போய் உக்காருறதுக்குள்ள நான் பாதி பேசிட்டேன். ரிலேயும் அப்படித்தான். இன்னும் சடுதியா மாறணும். குருன்னா குருதான்!”

கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிட்டார். டாக்டர் ஆட்டைப் பார்த்தார். ஆடு டாக்டரைப் பார்த்தது.

அடுத்த ஞாயிறு ஏழு மணி. ரிலேக்கள் டடடடவென்று அடித்தன. இருதயராஜின் குரல் கொத்துப் பரோட்டா ஆகி வந்தது.

“...க்கெட் எடு... சென்... டாக்ட... பயமா... உன்ன நம்பி...”

‘உன்ன நம்பி’ என்பதைக் கேட்டதும் சிவசைலத்துக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. குட்டி கம்ப்யூட்டரின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். டடடட நின்றது. பழைய திருகின் வயரை மாட்டினார். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இரைச்சலுக்கு நடுவில் குரல் மெலிதாக வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

“...கேக்குதாடே? ஓவர்.”

“இப்ப கேக்குது.” சிவசைலம் மைக்கை அருகே இழுத்துக்கொண்டார். “இருதயம், போன வாரம் நீ சொன்னது எனக்குக் கேக்கலடே. ரோஜர்னு பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுக்கோ. ஓவர்.”



“அப்ப, திரும்பவும் கேக்கணுமா?” என்றார் இருதயராஜ். “ஒரு தடவை கேக்கதுக்கே நாக்கு எழும்பலடே எனக்கு.”

“கேளு. நான் எங்கயும் போகல.”

“எனக்கு நெஞ்சுல ஆபரேசன்டே. ஒம்போதாந் தேதி, சென்னையில. மகனுக்கு லீவு இல்லையாம். கண்ணு முழிக்கையில...”

குரல் மங்கி இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. சிவசைலத்தின் கை தன்னையறியாமல் திருகை நோக்கிப் போனது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காதை ஸ்பீக்கரோடு ஒட்டினார். இரைச்சல் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு அடியிலிருந்து குரல் மெல்ல மேலே வந்தது.

“...தெரிஞ்ச குரல் ஒண்ணாவது பக்கத்துல கேக்கணும்டே. எனக்குத் தெரிஞ்சது உன் குரல்தான். வருவியா? ஓவர்.”

“ரோஜர்,” என்றார் சிவசைலம்.  கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாறேன்டே. நீ கண்ணு முழிக்கையில நான்தான் பேசிக்கிட்டு இருப்பேன்.”

“வா. ஆனா உன் மெஷின் பெருமையை மட்டும் ஆரம்பிச்சுடாத. திரும்ப மயங்கிருவேன்.”

இருவரும் சிரித்தார்கள். இருதயராஜ் விடைபெற்றார். வடிவு காபி எடுத்து வரப் போனாள். சிவசைலம் ரேடியோவை அணைக்கப் போகும்போது அதே அலைவரிசையில் இன்னொரு குரல் வந்தது.

“காலை வணக்கம் அண்ணாச்சி.”

டாக்டர் எமிமாள்.

“எம்மா! நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“ஞாயித்துக்கிழமைன்னா கேப்பேன்.”

“போன ஞாயிறும் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“முழுசும்?”

“முழுசும்.”

சிவசைலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒரு வாரமா நான் சோறு தண்ணி இல்லாமத் தவிச்சிருக்கேன். அவன் என்ன கேட்டான்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம்லா?”

“அவரு உங்ககிட்டதானே கேட்டாரு, அண்ணாச்சி,” என்றார் டாக்டர்.